கழுகுக் கண்

திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிர்ச் சாரியில் சின்னதாக ஒரு ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா என்று காலையிலிருந்து ஜனம் வந்துகொண்டே இருக்கும். அதில் ரயில்வே வேலைக்கு விண்ணப்பம் போட வருகிற பையன்கள் மட்டும் என்னிடம் கொஞ்சம் மாட்டிக்கொள்வார்கள். ஆதாரைக் கேட்பதற்கு முன்னால் என் போனை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டுவேன். கலர் கலராகப் புள்ளி வைத்த ஒரு வட்டம் அதில் இருக்கும். "இதுல இன்னா நம்பர் தெரியுது, சொல்லு." பாதிப் பேர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். மீதிப் பேருக்குக் கோபம் வரும். "அண்ணே, நீ இன்னா கண் டாக்டரா? அப்ளிகேஷனைப் போட்டுக் குடு, ட்ரெய்னுக்கு டைம் ஆவுது" என்பார்கள். ஆகட்டும். என்னிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கு இந்த ஊரில் ஒரு ஆள் இல்லாமல் போனான். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை.

எங்கள் வீடு ஊருக்கு வெளியே, ஆர்.கே.பேட்டை போகிற ரோட்டில் இருக்கிறது. முன்னறையில் விசைத்தறிகள், பின்னறையில் நாங்கள். நாங்கள் என்றால் நைனா, அம்மா, நான். கட்டம் போட்ட லுங்கி ஓட்டுவோம். பேட்டையில் இருக்கும் முதலாளி ஒருவர் நூலைக் கொடுத்து லுங்கியை வாங்கிக்கொள்வார். தறி ஓடும்போது நடுவில் ஏதாவது ஒரு இழை அறுந்துபோகும். தறியை நிறுத்தி, அதே நிறத்தில் நூல் எடுத்து முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்ட வேண்டும். பச்சை அறுந்தால் பச்சை, அரக்கு அறுந்தால் அரக்கு. இதில் என்ன வித்தை இருக்கிறது? பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூடச் செய்வார்கள். எனக்கு மட்டும் வராது. பச்சை அறுந்த இடத்தில் அரக்கைக் கட்டிவிடுவேன். தறி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். லுங்கி பாதி ஆன பிறகு நைனா வந்து பார்ப்பார். பச்சைப் பட்டைக்கு நடுவில் சிவப்பாக ஒரு கோடு ஓடியிருக்கும். அடுத்த நிமிஷம் என் முதுகிலும் ஒரு கோடு ஓடும்.

"கண்ண எங்கடா வெச்சிகினு வேல செய்ற? பொடனியிலயா? சோமாறி, சோமாறி!" தறிச் சத்தத்தையும் மீறி அவர் குரல் ரோட்டுக்குக் கேட்கும். அம்மா பின்னறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். தடுக்க மாட்டாள். "கவனமா இருந்தா அவரு ஏன்டா அடிக்கப் போறாரு?" என்று ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுவாள். எனக்கே அது சரியாகத்தான் பட்டது. மற்றவர்கள் கவனமாக இருக்கிறார்கள், நான் இல்லை, அவ்வளவுதானே. இலை பச்சை, ரத்தம் சிவப்பு என்று எல்லோரையும்போல எனக்கும் பாடம் இருந்தது. சொல்லிக்கொடுத்த பொருளுக்குச் சொல்லிக்கொடுத்த நிறத்தைச் சொல்வேன். நூல் கண்டுகளைக் கலந்து போட்டால்தான் தடுமாற்றம். அப்போது குத்துமதிப்பாக ஒன்றை எடுப்பேன். பல தடவை சரியாகவே அமைந்துவிடும். அதுதான் கெடுதலாகப் போயிற்று. "பாத்தியா, நேத்து ஒழுங்கா கட்டன இல்ல? இன்னிக்கு மட்டும் திமிரு" என்று அதற்கும் சேர்த்து விழும்.

ஒருநாள் முதலாளி ஒரு கட்டு லுங்கியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு நைனா என்னை அடிக்கவில்லை. அடிக்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்துவிட்டார். "நீ தறிக்கு லாயக்கு இல்ல. படிச்சாவது தொலை" என்றார். படிப்பு விஷயத்தில் எனக்குக் கிடைத்த ஒரே புத்திமதி அது.

தொலைந்தேன். பாலிடெக்னிக் முடித்தேன். ரயில் எஞ்சின் ஓட்டுவது என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ரயில்வேதான் சொல்வார்கள், அரக்கோணம் அத்தனை கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் எனக்கு அது மட்டும் காரணமில்லை. எஞ்சின் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளை யாரும் பொடனியில் அடிக்க முடியாது. தறி அறையின் சத்தமும் பஞ்சுத் தூசியும் அங்கே வராது. 'லாயக்கு இல்ல' என்று சொன்ன வாய் பிளாட்பாரத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். இந்த வெறிதான் என்னை ஓட்டியது.

நான் தயார் செய்ததுபோல இந்தத் தாலுகாவிலேயே ஒருத்தன் தயார் செய்திருக்க மாட்டான். தற்பெருமை இல்லை, உண்மை. தினமும் அரக்கோணத்துக்கு ரயிலேறிக் கோச்சிங் போனேன். கணக்குச் சூத்திரங்களைத் தறிக் கம்பத்தில் ஒட்டி வைத்து மனப்பாடம் செய்தேன். உடம்புக்கு மலைப்படி ஏறி இறங்கினேன். கோச்சிங்கில் சார் ஒருத்தர் சொன்னார்: "இந்த வேலைக்குக் கண்ணுதாம்பா எல்லாம். கண்ணாடி போட்டவனை வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க." அவ்வளவுதான், கண்ணைத் தெய்வமாகக் கும்பிட ஆரம்பித்தேன். இருட்டில் போன் பார்ப்பதில்லை. பொன்னாங்கண்ணிக் கீரையை வீட்டில் மற்ற இரண்டு பேரும் முகம் சுளிக்கிற வரைக்கும் தின்றேன். கேரட்டை மாடு மாதிரி பச்சையாகவே கடித்தேன். அரக்கோணத்தில் கண்ணாடிக் கடை வைத்திருந்த பாய் ஒருவரிடம் அடிக்கடி போய் நிற்பேன். சுவரில் மாட்டிய அட்டையில் அடிவரிசைப் பொடி எழுத்துகளைக் கடகடவென்று படித்துக் காட்டுவேன். "தம்பிக்குக் கழுகுக் கண்ணு. நம்ம கடைக்கு உன்னால ஒரு பிரயோஜனமும் இல்ல, போப்பா" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடக்கும்போது காலே தரையில் படாது.

எழுத்துத் தேர்வுகள் ஒவ்வொன்றாகப் பாஸ் ஆனேன். கை எத்தனை வேகம் என்று பார்க்கக் கம்ப்யூட்டரில் பட்டனை அமுக்கச் சொல்லி வைத்த பரீட்சையும் பாஸ். மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. அதற்குள் நைனா தெருமுனையில் பேனர் வைத்துவிட்டார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் பால் வாங்கப் போனவன் பார்க்கிறேன், எஞ்சினுக்கு முன்னால் நான் கைகட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்த எஞ்சினை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. உதவி ஓட்டுநர் வேலைதான். பேனரில் 'உதவி' காணாமல் போயிருந்தது. 'ரயில் ஓட்டுநராகப் பணியேற்கும் எங்கள் வீட்டுச் சிங்கம்' என்று போட்டிருந்தது.

"நைனா, மெடிக்கல் கீது இன்னும்."

"மெடிக்கல்ல உனக்கு இன்னாடா? ஒரு சளி ஜுரம் வந்தது உண்டா? பாயே கழுகுக் கண்ணுன்னு சொல்லிட்டாரு இல்ல?"

நூல் கொடுக்கிற முதலாளியிடமும் போய், இந்த வருஷத்தோடு தறிக்கு முழுக்குப் போடப்போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம். பழைய தறி ஒன்றைக் கழற்றி இரும்புக் கடைக்கும் அனுப்பிவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது என்று சொன்னால் பொய். சந்தோஷத்தில் வயிறு குளிர்ந்து போயிருந்தது. அந்த மனிதர் என்னைக் காட்டி மார்தட்டுவதை அதற்கு முன்னால் நான் பார்த்ததே கிடையாது.

மெடிக்கல் சென்னையில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். ரத்தம், எடை, காது எல்லாம் முடிந்தது. கண்ணுக்கு அட்டை வைத்தார்கள், கடைசி வரி வரை படித்தேன். டாக்டர் தலையாட்டினார். எழுந்திருக்கப் போனேன். "உக்காருப்பா" என்று ஒரு புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்தில் இருந்த நம்பரைச் சொன்னேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். வெறும் புள்ளிகள். நம்பர் எதுவும் இல்லை.

"சொல்லு."

"சார், இதுல ஒண்ணும் இல்ல சார்."

அடுத்த பக்கம். அதிலும் ஒன்றும் இல்லை. ஏதோ கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். சிரிக்கக்கூடச் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. பக்கங்களை மடமடவென்று திருப்பிவிட்டுக் காகிதத்தில் எதையோ எழுதி, "அடுத்த ஆள்" என்றார். எனக்குப் பின்னால் நின்ற பையன்தான் வெளியே வந்து விளக்கினான். அவன் அத்தனை நம்பரையும் சொல்லிவிட்டு வந்திருந்தான். "உனக்குப் பச்சை சிவப்பு தெரியாதா? அப்புறம் எப்பிடி ப்ரோ சிக்னல் பாப்ப?" என்றான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டான். எனக்கு அவனை அந்தப் படிக்கட்டிலேயே தள்ளிவிட வேண்டும்போல இருந்தது.

ஊருக்கு விஷயம் பரவ ரொம்ப நேரமாகவில்லை. அதற்கப்புறம் நான் தெருவில் நடந்தால் சட்டையைப் பிடித்துக் காட்டுவார்கள். "இது இன்னா கலரு சொல்லு பாப்போம்." தக்காளி, துண்டு, பக்கத்து வீட்டு மாட்டின் கொம்பு எல்லாவற்றையும் காட்டிக் கேட்டார்கள். சரியாகச் சொன்னால் "டேய், இவனுக்கு நல்லாத்தான்டா தெரியுது" என்பார்கள். தப்பாகச் சொன்னால் கைதட்டல். நூல் முதலாளி மறுபடி நூல் கேட்டுப் போன நைனாவிடம், "இன்னாபா, உங்க ஊட்டு ரயிலு எப்ப கிளம்புது?" என்றாராம். நூல் கொடுத்தார், ஆனால் அதைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். ஊர்க்கண் பட்டுவிட்டது என்று அம்மா பூசணிக்காய் உடைத்தாள். பேனரை நைனாவே கழற்றிக்கொண்டு வந்து, ஒழுகுகிற கூரை மேல் என் முகம் கீழே பார்க்கிற மாதிரி போட்டார். தண்ணீர் நின்றது. ஒரு பிரயோஜனம்.

மெடிக்கலுக்கு அப்பீல் உண்டு என்று கோச்சிங்கில் சொன்னார்கள். இன்னொரு டாக்டர் திரும்பப் பார்ப்பார். அந்தப் புத்தகத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்து, வரிசையாக நம்பர்களை உருப்போட்டு ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள் என்று ஒருவன் காதில் ஓதினான். பிரிண்டையும் அவனே கொடுத்தான்.

அந்த நாட்களில் வீட்டில் இதுதான் வேலை. நைனா தறியை நிறுத்திவிட்டு என் எதிரில் சம்மணம் போட்டு உட்காருவார். ஓடுகிற தறியை அவர் வேறு எதற்காகவும் நிறுத்தியதில்லை, அம்மா ஜுரத்தில் கிடந்தபோதுகூட நிறுத்தவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்துக் காட்டுவார். எனக்கு எல்லாமே ஒன்றுதான், ஆனால் வரிசை தெரியும். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலரும். "அப்பிடிப் போடு! இத்த மொதல்லயே கவனமா செஞ்சிருந்தா ஆவாதா?" என்பார். எனக்கு உண்மையிலேயே தெரிய ஆரம்பித்துவிட்டது என்று அவர் நம்பினார். நான் மனப்பாடம்தான் செய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "மனப்பாடம் பண்ணிப் பண்ணித்தான்டா எல்லாம் வரும்" என்றார். அம்மா மோர் கொண்டுவந்து வைப்பாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் தள்ளுவார். சின்ன வயதில் எனக்குக் கிடைக்காத அப்பன் அந்தச் சில வாரங்கள் என் எதிரில் உட்கார்ந்திருந்தான். அதற்காகவே நான் பாஸ் ஆக வேண்டும் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அப்பீலுக்கு அவரும் கூடவே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ரயிலில் போகும்போதும் வாய்க்குள் நம்பர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார், நான் மறந்துவிடக் கூடாதே என்று.

அந்த டாக்டர் வயதானவர், அவசரமில்லாத ஆள். புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. நடுவில் எங்கோ விரலை விட்டுத் திறந்தார்.

எனக்குள் வரிசை கலைந்துபோயிற்று. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பயத்தில் மனதில் முதலில் வந்ததைச் சொன்னேன். "எழுபத்தி நாலு சார்."

"எழுபத்தி நாலா?"

"ஆமா சார். எழுபத்தி நாலு."

அவர் புத்தகத்தைப் பக்கத்தில் இருந்த நர்சம்மா பக்கம் திருப்பினார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டது. "தம்பி, இதுல நம்பரே கிடையாது. படிக்கத் தெரியாதவங்களுக்காக வெச்சிருக்கிற பக்கம். வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு போகுது, அதை விரலால காட்டணும்" என்றார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார், கொஞ்சம் வருத்தமாக. "உன்னோட கூட யாரு வந்திருக்காங்க?"

நைனாவைக் கூப்பிட்டார்கள். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து கும்பிட்டார். விஷயத்தைச் சொல்ல டாக்டர் வாயெடுப்பதற்குள் இவர் ஆரம்பித்தார்.

"சார், பையனுக்கு எல்லாம் தெரியும் சார். ஊட்ல ஒண்ணு விடாம சொன்னான். கொஞ்சம் கவனம் பத்தாது. சின்ன வயசுலருந்தே அப்பிடித்தான் சார். ரெண்டு அறை வெச்சா டக்குனு சொல்லிடுவான். நான் வெக்கட்டுமா?"

யாரும் இப்போது சிரிக்கவில்லை. டாக்டர் நாற்காலியை இழுத்து அவரை உட்காரச் சொன்னார். இது பிறவியிலேயே வருவது, அம்மா வழியாகப் பையன்களுக்கு வரும், அடித்தாலும் போகாது, மருந்துக்கும் போகாது என்று பொறுமையாகச் சொன்னார். "மத்தபடி பையனுக்குப் பார்வை பிரமாதம்" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார். நைனா அத்தனையையும் கேட்டுவிட்டு, "ஆங் சார், ஆங் சார்" என்றார். பிறகு எழுந்து வெளியே வந்து செருப்பைத் தேடினார். கண்ணெதிரே இருந்த செருப்பு அவருக்குத் தெரியவில்லை. நான்தான் எடுத்து வைத்தேன்.

திருத்தணிக்கு ரயிலேறினோம். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எதிர்பார்த்தேன். முதுகில் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தையாவது. ஸ்டேஷனில் இறங்கும்போது வாயைத் திறந்தார். "உங்கம்மா வழியாத்தான்னு சொன்னாரு இல்ல?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். அவர் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, "இன்னா ஆச்சி?" என்றாள்.

"இன்னா ஆவும்? உன் ரத்தம்தானாம். டாக்டரே சொல்லிட்டாரு. எங்க வம்சத்துல இந்தக் கோளாறு கிடையாது" என்று நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அம்மா அழுவாள், இல்லை சண்டைக்கு நிற்பாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. என் பக்கம் திரும்பினாள். "நெஜமாவே தெரியாதா? வேணும்னு பண்றது இல்லியா?"

"இல்லம்மா. தெரியவே தெரியாது."

"எங்கிட்டருந்தா வந்துது? அப்போ என்கூடப் பொறந்த ஆம்பளப் பசங்களுக்கும் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம்."

அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் பிறந்த வீட்டிலும் தறிதான். அந்தப் பையனும் நிறம் மாற்றி மாற்றி இழை கட்டுவானாம். ஒருநாள் அவள் அப்பா அவனைத் தறிக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்திருக்கிறார். அவிழ்த்துவிட்டதும் வெளியே போன பையன் திரும்பி வரவேயில்லை. திருடிவிட்டு ஓடிய பிள்ளையைப்போல அவன் பேச்சையே வீட்டில் எடுக்காமல் விட்டுவிட்டார்களாம்.

"கயிறு நான்தான்டா எடுத்துக் குடுத்தேன்" என்றாள் அம்மா. "கட்டி வெச்சி நாலு போட்டா திருந்துவான்னு. சோம்பேறின்னு நெனச்சிகினு இருந்தோமே, சோம்பேறி இல்ல அவன். பாவி, அவனுக்குத் தெரியலடா."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. என்னைப் பார்த்து அழுகிறாளா என்று ஒரு தடவை உற்றுப் பார்த்தேன். இல்லை. என் வேலை போன அன்றைக்கு, அதே வீட்டில், அடி வாங்கியவனாக நான் எதிரிலேயே நிற்கும்போது, முகம் தெரியாத ஒருத்தனுக்காக அழுகை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எனக்கு எண்ணெய் தடவியதோடு கடமை முடிந்ததா என்று கத்த வேண்டும்போல இருந்தது.

"உன் போன்ல தேடினா ஆளு கிடைப்பானா?" என்றாள்.

"போட்டோ கீதா?"

"இல்ல."

"எந்த ஊருக்குப் போனாருன்னாவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எப்பிடிக் கிடைப்பாரு? சோறு போடு. காலைலருந்து பட்டினி."

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்ச் சோற்றைப் போட்டாள். நைனாவும் என் பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரெண்டு வாய் சாப்பிட்டார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ நியாயம் கேட்பதுபோலச் சொன்னார்.

"நான் கட்டி வெச்சி அடிக்கல. அத்த சொல்லணும்."

"ஆங்" என்றாள் அம்மா, அவர் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே. "நீங்க கட்டி வெக்கல."